யந்திரப் பந்தயமும் நம் ஊர்ப் பட்டறைகளும்

நம் கலாசாலை ரோபோக் குழுவினர் இம்முறையும் பரிசின்றித் திரும்பினர் என்னும் செய்தி, விடுதி உணவுச்சாலையில் பலநாள் பேச்சுப் பொருளாய் இருந்தது. பணம் போதவில்லை என்றனர் சிலர். பயிற்சி போதவில்லை என்றனர் வேறு சிலர். இரண்டும் ஓரளவு மெய்யே. ஆயினும், அக்குழுவினரோடு பல மாலைப்பொழுதுகளைக் கழித்தவன் என்னும் உரிமையால், யான் கண்ட மூன்றாவது குறை ஒன்றை இம்மலரில் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இப்பந்தயத்தின் வரலாறு அறியாத அன்பர்க்காகச் சிறிது கூறுவேன். அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் உட்டி பிளவர்ஸ் என்பார், 1970களில் தம் மாணவர் ஒவ்வொருவர்க்கும் சில்லறைப் பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, அவற்றைக் கொண்டே யந்திரம் சமைத்துப் போட்டியிடச் செய்தார். ஜப்பானில் பேராசிரியர் மோரி மஸாஹிரோ தம் மாணவர்க்கு அளித்தவை இரண்டே பாட்டரிக் கட்டைகள். அவற்றின் சக்தியால் ஓர் ஆளைச் சுமந்து செல்லும் வண்டி செய்யவேண்டும் என்பது நிபந்தனை. அவ்விதை முளைத்து, 1988இல் என்.எச்.கே. ஒளிபரப்பு ஸ்தாபனத்தாரின் ரோபோகான் பந்தயமாகி, 2002இல் தோக்கியோ நகரில் ஆசிய-பசிபிக் நாடுகள் கலந்துகொள்ளும் சர்வதேசப் பந்தயமாய் விரிந்தது. நம் நாட்டில் தூர்தர்ஷன் நிலையத்தார் தேசியப் போட்டியை முன்பு புனாவிலும் பின்னர் டில்லியிலும் நடத்தி, வென்றோரை வெளிநாட்டிற்கு அனுப்பி வந்துள்ளனர்.

எந்நாட்டில் இறுதிப் பந்தயம் நடைபெறுமோ அந்நாட்டாரே ஆட்டத்தின் பொருளை வகுப்பர். 2008இல் புனாவில் நம் உறியடியை ஒத்த வெண்ணெய்த் தாழி ஆட்டம். 2022இல் புதுடில்லியில் லகோரி. அதாவது, அடுக்கிய சில்லுகளைப் பந்தெறிந்து சிதறடித்து, எதிர்க்கட்சியார் மறிக்க மறிக்க மீண்டும் அடுக்குவது. நம் தெருப்பிள்ளைகள் ஓட்டாஞ்சில்லு கொண்டு ஆடியதுதான்! 2024இல் வியத்நாமில் நெல் நாற்று நடுதலும் அறுவடையும் பொருளாயின. மோகனூர்ப் பக்கத்து வாய்க்கால் வயல்களில் சேற்றில் நின்று நாற்று நட்ட கைகளை உடையார் நம் வகுப்புகளிலேயே உளர் என்பதை எண்ணி யான் நகைத்ததுண்டு.

ஏழ்மையான பெட்டியில் தொடங்கிய அப்பந்தயம் இக்காலத்துப் பணப்பையை நாடி நிற்கின்றது. விலையுயர்ந்த மோட்டாரும் உணர்கருவியும் அயல்நாட்டிலிருந்து தருவிப்போர் முந்துகின்றனர். நாமும் அவர்களைப் பார்த்தே பட்டியல் எழுதுகின்றோம். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள நிலத்தை நோக்குங்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைக் கட்டுகின்றனர். அழுத்திய காற்றின் விசையால் சம்மட்டி பாறையைத் துளைக்கின்றது. நம் மாணவர் ரோபோவின் கையை நீட்டவும் மடக்கவும் பயன்படுத்துவதும் அதே அழுத்திய காற்றுத்தான். நாமக்கல்லில் வெறும் சட்டமாய் வந்த லாரி, கூண்டும் கட்டும் பெற்று வெளியேறுகின்றது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளி, ஓசையைக் கேட்டே பல்சக்கரத்தின் குறையைச் சொல்லுவார். இவர்களுள் ஒருவரேனும் நம் பரிசோதனைச் சாலையின் வாசற்படியை மிதித்ததுண்டா?

சென்ற பருவத்தில் நிகழ்ந்தது ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. போட்டிக்குப் புறப்படப் பத்து நாள் இருக்கையில், ரோபோவின் இரும்புச் சட்டம் பற்றுவைத்த இடத்தில் விரிந்துவிட்டது. அதைக் கோயமுத்தூருக்கு அனுப்பி, நான்கு நாள் இழந்தோம், பணமும் இழந்தோம். திரும்பி வந்த பின்னரே, குழுவில் கம்பி தூக்கி நின்ற முதலாண்டு மாணவர் ஒருவர், விடுமுறைதோறும் தம் தந்தையாரின் பட்டறையில் வெல்டிங் செய்து பழகியவர் என அறிந்தேன். “ஏன் தம்பி, முன்னமே சொல்லவில்லை?” என்றேன். தலை கவிழ்ந்து நின்றவர், “பட்டறைக்காரர் மகன் என்று தெரிந்துபோகுமே, ஐயா” என்றார்.

பரிசு இழந்ததைவிட இவ்விடையே எனக்குப் பெரிய தோல்வியாய்த் தோன்றிற்று. அப்பிள்ளைக்கு அவ்வெட்கத்தைக் கற்பித்தோர் யார்? ஆங்கிலத்தில் சரளமாய்ப் பேசும் நால்வரை முன்னிறுத்தி, ஏனையோரைச் சாமான் தூக்க நிறுத்திய நாமே அன்றோ?

பட்டறைக் கைத்திறன் ஒன்றே போதும் என்று யான் வாதிக்க வரவில்லை. நிழற்படக் கருவியின் கண்கொண்டு பந்தை இனங்காணுதலும், அதற்குரிய கணினி நிரல் எழுதுதலும் துரப்பணப் பட்டறையில் கிடைக்கமாட்டா; அவற்றை நூலிலும் ஆசிரியரிடத்தும் பயிலவே வேண்டும். ஆனால் நிரல் எத்துணைச் செம்மையாயினும், சட்டம் முறிந்தால் யந்திரம் அசையாது.

ஆதலின், நிர்வாகத்தார்க்கு என் விண்ணப்பம் இது. வாரம் ஒரு மாலை பட்டறைப் பெரியவர் ஒருவரை ஊதியம் தந்து அழைத்து, பேராசிரியர்க்குரிய நாற்காலியே அவர்க்கும் இடுக. எது முறிந்தது, ஏன் முறிந்தது, எப்படிச் சீர்செய்தோம் என்பதைத் தமிழிலேயே குறிப்பேடாக எழுதிவைக்க. மூத்தோர் பட்டம் பெற்றுச் சென்றதும் இளையோர் அகரத்திலிருந்து தொடங்கும் அவலம் அதனால் குறையும். பழைய ரோபோவைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைப்பதை விடுத்து, புதியவர் பிரித்துப் பார்க்கக் கொடுக்க.

அம்மாணவர் இப்பொழுது இரண்டாம் ஆண்டு பயில்கின்றார். தந்தையாரை ஒருநாள் அழைத்துவருமாறு கேட்டிருக்கின்றேன். “கேட்டுப் பார்க்கிறேன், ஐயா” என்றார். இன்னும் மறுமொழி வரவில்லை.