பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

தமிழ் இலக்கணம் பெண்ணை நாற்பது வயதோடு முடித்துக்கொள்கிறது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வயதை ஏழு பருவங்களாகப் பிரிக்கின்றன. பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நூலுக்கு நூல் எண்கள் சற்று மாறும். நாற்பதைத் தாண்டியவளுக்கென்று இந்த ஏழில் ஒரு பெயர் இல்லை. எனக்கு வயது 48. வகுப்பில் நான் நடத்தும் பாடத்திலிருந்து நான் வெளியேறி எட்டு வருடம் ஆகிறது.

இந்தப் பிரிவு உலா இலக்கியத்துக்குத் தேவைப்பட்டது. தலைவன் தெருவில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு காதல் கொள்வார்கள். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவில் வருபவன் சிவன், ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் வருபவர்கள் சோழ மன்னர்கள். ஐந்து வயதுக் குழந்தையைக்கூட அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்திய புலவர்களுக்கு நாற்பத்தொரு வயதுக்காரியை நிறுத்தத் தோன்றவில்லை. அந்த வயதுக் கணக்கு அவளுடையதே அல்ல, அவளைப் பார்ப்பவனுடையது. தெருவில் நிற்காமல் பாட்டு எழுத வேண்டுமென்றால் ஒரேயடியாகக் கிழவியாகிவிட வேண்டும். கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்றுதானே ஒளவையைப் பற்றி நமக்குக் கதை சொன்னார்கள்! 1953இல் வந்த திரைப்படத்தில் அந்தக் கிழவியாக நடித்த கே.பி. சுந்தராம்பாள் பிறந்தது 1908இல். நாற்பதைத் தாண்டிய பெண்ணை நரைத்த தலையோடும் கைத்தடியோடும்தான் நம் ஊருக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

இப்போது பழைய ஏழோடு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் பெயர் 'ஐம்பதுக்குள்'. ஐம்பதுக்குள் பத்துக் கிலோ குறைக்க வேண்டும். ஐம்பதுக்குள் கார் ஓட்டப் பழக வேண்டும், தனியாக ஓர் ஊருக்குப் போய்வர வேண்டும், முகத்தில் வயது தெரியக் கூடாது. துறைத் தோழிகளின் வாட்ஸாப் குழுவில் தொடங்கி காப்பீடு விற்க வரும் பெண்வரை எல்லோரும் கேட்கிறார்கள், "ஐம்பதுக்குள்ள என்ன பண்ணப்போறீங்க மேடம்?" மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரவெல்லாம் வியர்த்து விடிகாலை நான்கு மணிக்குக் கண்ணயரும் பெண்ணிடம், ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி போ என்று சொல்லும் பட்டியல் இது. உலாவில் அவள் தெருவில் நின்றால் போதும். இதில் ஓடவும் வேண்டும்.

நேரத்துக்கு எங்கே போவது என்று எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். 2024இல் அது 289, 88. ஐந்து வருடத்தில் நமக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களும் சளைக்காமல் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த 88கூட வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாதவர்கள் அதில் சேர்த்தி இல்லை. நாளுக்கு ஐந்து மணி நேரத்தை அடுப்படியில் விட்டவள் அந்தப் பத்து நிமிடத்தில் கிதார் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, அறுபதுக்காவது நமக்கென்று ஒரு நாள் உண்டா என்று பார்த்தால் அதுவும் இல்லை. திருக்கடையூருக்குப் போனால் அறுபதாம் கல்யாணத்துக்கு மாலையோடு நிற்கும் தம்பதிகளைப் பார்க்கலாம். அத்தனை பேரிலும் அறுபது நிறைந்தது கணவனுக்கு. மனைவிக்கு ஐம்பத்தைந்தா ஐம்பத்தெட்டா என்று ஐயரும் கேட்பதில்லை, பத்திரிகையிலும் போடுவதில்லை. கணவன் ஐம்பத்தொன்பதில் இறந்துபோனால் அவளுக்கு அறுபதே வருவதில்லை.

என்னைவிட இளையவரான தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குன்னு ஒண்ணு வேணும்னு எங்க வீட்ல நான் முதல்முதலா சொன்னதே இந்தப் பட்டியலாலதான்க்கா. அதையும் புடுங்கிடாதீங்க" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசைப்படுவதே குற்றம் என்று வளர்க்கப்பட்டவள் ஆசையைத் தாளில் எழுதுவது சின்ன விஷயமில்லை. என் சண்டை ஆசையோடு இல்லை. எல்லா வரியிலும் திருத்தப்பட வேண்டியவளாக அவளே இருப்பதோடுதான். அவளுடைய இடுப்பு, அவளுடைய தோல், அவளுடைய பயம், அவளுடைய சோம்பல். வீடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பிறந்தது 1883இல். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவல் வெளிவந்தது 1936இல், அவருடைய ஐம்பதுகளில். இரண்டு வருடம் கழித்து இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். 42 நாள் நடை. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். அவருக்கும் ஓர் இலக்கு இருந்தது. திருந்த வேண்டியது தான் அல்ல, கோயிலும் மிராசுதாரும் மைனரும்தான் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஐம்பது வெகுதூரம். உங்கள் பட்டியலின் பெயர் 'இருபத்தைந்துக்குள்'. முதுகலை, பி.எட்., ஏதாவது ஒரு தேர்வில் தேர்ச்சி என்று அதில் நீங்கள் எழுதுகிறீர்கள். அதே தாளின் பின்பக்கத்தில் வீட்டில் ஜாதகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இறுதியாண்டில் நன்றாகப் படிக்கும் பெண் திடீரென்று வகுப்புக்கு வராமல் போனால் நான் இப்போதெல்லாம் காரணம் கேட்பதில்லை, தேதி கேட்கிறேன். உங்கள் கெடுவை யார் குறித்தது என்று ஒருமுறை வீட்டில் கேட்டுப் பாருங்கள். சோறு இறங்காமல் போகலாம், இருந்தாலும் கேளுங்கள்.

நானும் ஐம்பதுக்குள் என்று ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதில் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரில் இட்லி மாவு அரைப்பது கணவர். மாமியாரைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது அவர் பெற்ற மகன்களில் ஒருவர், மருமகள்களில் ஒருவர் அல்ல. கல்லூரி விழாக்களில் குத்துவிளக்குக்குப் பூச்சுற்றுவதும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பதும் ஆண் பேராசிரியர்கள், இரண்டு விழாவுக்கு ஒருமுறையாவது. பதினான்கு வருடமாக என் சம்பளத்திலிருந்தும் தவணை போகும் வீட்டின் பத்திரத்தில் என் பெயர்.

மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கிறது, ஆனால் இட்லி வருகிறது. பரிசோதனைக்கு மைத்துனர் இரண்டு முறை போய்வந்தார். மூன்றாவது முறை அவருக்கு அலுவலகத்தில் அவசர வேலை வந்துவிட்டது. அன்று மாமியாரே ஆட்டோ பிடித்துப் போய்வந்து, "இனிமே நானே போயிக்கறேன், எவன் வந்தா என்ன" என்று எனக்குத் தோன்றாத ஒரு வரியைச் சேர்த்தார். கல்லூரியில் சிரித்தார்கள். பத்திரப் பேச்சை எடுத்தால் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் கூடுகிறது. கெடுவுக்கு இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது.