காலத்தைப் பின்னால் திருப்புகிறவன் யார்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள், மலை தொடங்குவதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் ஞாபகமாக அங்கே நிற்பது அந்த வாசல்தான். டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோ ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' என்ற படத்தை எடுத்தது. தமிழில் அதற்குக் 'காடு' என்று பெயர். எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அழிந்துபோன சடை யானைகள் நம் நாட்டுக் காட்டில் இன்னும் திரிகின்றன என்பது கதை.

அதில் நடித்த அமெரிக்கர்களில் ஒருவர் ஸீஸர் ரொமேரோ. இதே மனிதர்தான் 1966 முதல் 1968 வரை அமெரிக்க டெலிவிஷனில் ஓடிய 'பேட்மேன்' தொடரில் ஜோக்கர் என்ற வில்லனாக வந்தார். மீசையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, மீசைமேலேயே வெள்ளைச் சாயத்தைப் பூசிக்கொண்டு நடித்தார். அதில் ஒரு கதையில் ஜோக்கரிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். காலத்தை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம் என்று அதைக் காட்டி ஊரை மிரட்டுவான். அவனை எதிர்த்து நிற்கும் கதாநாயகன் யார்? பெரிய மாளிகையில் வேலைக்காரனோடு வாழும் ஒரு கோடீஸ்வரன்!

இன்று ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எஸ்டேட்டுப் பிள்ளைகளின் செல்போனில் ஓடுகிறவர்கள் அந்த ஜோக்கரின் பேரன்மார்தான். இடையில், 1997 முதல் 2005 வரை, தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தான். அவனுக்கு எதிரி உலகத்தை இருட்டாக்க நினைத்த கில்விஷ். அந்தக் காலத்தில் டெலிவிஷன் இருந்த ஒரு வீட்டில் தெருப்பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்து பார்த்தார்கள். இப்போது ஆளுக்கொரு மூலையில் போனை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் நமக்குக் கோபமில்லை. பத்து மணி நேரம் பஞ்சாலையில் நின்றுவிட்டு வரும் வாலிபன் வானத்தில் பறக்கிறவனைப் பார்த்து அரைமணி நேரம் சிரித்தால் குடி முழுகிவிடாது. ஆனால் அந்தக் கதைகளில் 'காலம்' என்ற பெயரில் ஒரு பாடம் சொல்லித் தருகிறார்களே, அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

முதலில் புதிரைச் சொல்லிவிடுவோம். ஒருவன் யந்திரத்தில் ஏறிப் பழைய காலத்துக்குப் போய், தன் தாத்தாவைக் கல்யாணத்துக்கு முன்பே கொன்றுவிடுகிறான் என்று வையுங்கள். அப்படியானால் இவனுடைய அப்பன் பிறக்கவில்லை, இவனும் பிறக்கவில்லை. பிறக்காதவன் எப்படிப் போய்க் கொன்றான்? படித்தவர்கள் இதைத் தாத்தா புதிர் என்கிறார்கள். (நம் அனுபவத்தில் தொழிலாளி பழைய காலத்துக்குப் போக ஒரே வழிதான் உண்டு: கூலி உயர்வை முன்தேதியிட்டு வாங்குவது. அதற்கும் யந்திரம் கிடையாது, வேலைநிறுத்தம்தான்.)

2014 முதல் 2023 வரை வந்த 'தி ஃப்ளாஷ்' என்ற அமெரிக்கத் தொடர் முழுவதும் இந்தப் புதிரின் மேல்தான் நிற்கிறது. மின்னல் வேகத்தில் ஓடுகிற பாரி ஆலன் அதன் கதாநாயகன். அவன் சிறுவனாக இருந்தபோது எதிர்காலத்திலிருந்து வந்த இயோபார்ட் தான் என்ற வில்லன் அவனுடைய தாயைக் கொன்றுவிடுகிறான். முதல் பருவத்தின் முடிவில், 2015-ல், அந்த வில்லனுடைய முன்னோனான ஒரு நல்லவன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். முன்னோன் செத்தால் சந்ததி ஏது? வில்லன் காற்றோடு காற்றாய் மறைந்துபோகிறான்.

சரி, வில்லனே பிறக்கவில்லை என்றால் தாயைக் கொன்றது யார்? அவள் உயிரோடு எழுந்து வர வேண்டாமா? வரவில்லை. ஆனால் வில்லன் மட்டும் அடுத்தடுத்த பருவங்களில் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறான்! காலத்தின் விதி, மிச்ச சொச்சம் என்று ஏதேதோ விளக்கம் சொல்கிறார்கள். நமக்குத் தெரிந்த விளக்கம் எளிது: வில்லன் செத்தால் வியாபாரமும் செத்துப்போகும்.

இது சிரிப்புக்குரிய விஷயம். அடுத்தது அப்படியல்ல. 2016-ல் வந்த கதையில் பாரி பொறுக்கமாட்டாமல் பின்னால் ஓடிப்போய்த் தன் தாயைக் காப்பாற்றிவிடுகிறான். எந்த மகன்தான் செய்யமாட்டான்? உடனே உலகம் தலைகீழாகிறது, வேண்டியவர்களுக்கெல்லாம் கேடு வருகிறது. கடைசியில் வில்லனையே கூப்பிட்டு, என் தாயை மறுபடியும் கொன்றுவிடு என்று அவனே சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்த அநியாயத்தைத் தொடாதே, தொட்டால் அதைவிடப் பெரிய கேடு வரும் என்கிற இந்தப் புத்திமதியை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம். அரைப்படி நெல் கூடக் கேட்ட பண்ணையாளிடம் மிராசுதார் சொன்னதும், சங்கம் வைத்தால் மில்லே மூடிவிடும் என்று மேஸ்திரி சொன்னதும் இதே புத்திமதிதான். அமெரிக்காவில் அதற்குச் சிவப்புச் சட்டை மாட்டி ஓடவிட்டிருக்கிறார்கள்.

எல்லாத் தொடரும் இப்படியென்று சொல்ல மாட்டோம். 2021-லும் 2023-லும் வந்த 'லோகி' என்ற தொடரைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். காலத்தை மேற்பார்க்க அதில் ஒரு பெரிய ஆபீஸ் இருக்கிறது. உலகத்துக்கு ஒரே ஒரு புனிதக் காலப்பாதைதான் உண்டாம். அதிலிருந்து எவன் ஒரு அடி விலகினாலும் ஆபீஸ் காவலர்கள் வந்து பிடித்துப்போவார்கள், அவன் உண்டாக்கிய கிளையை அழிப்பார்கள். அங்கே குமாஸ்தாக்களும் காவலர்களும் இரவு பகலாக வேலை செய்கிறார்கள். இந்த வேலைக்காகவே நம்மைப் படைத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிறகுதான் உண்மை வெளியாகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் எங்கோ குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். பிடித்துக்கொண்டு வந்து, ஞாபகத்தை அழித்து, வேலையில் நிறுத்தியிருக்கிறார்கள்! புனிதப் பாதை, காலக் காவலர் என்பதெல்லாம் பின்னால் மறைந்திருக்கும் ஒரே ஒரு முதலாளியின் ஏற்பாடு.

இந்த இடத்தில் நமக்குச் சேர்வராயன் மலை ஞாபகம் வந்தது. இங்கே காப்பிச் செடி வந்ததே 1820-களில்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தார். மலையாளிப் பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் குடியிருந்தவர்கள். ஆனால் எஸ்டேட்டு லைன் வீட்டில் பிறந்த பிள்ளையைக் கேளுங்கள்: எஸ்டேட்டு எப்போதும் இருந்தது, துரை எப்போதும் இருந்தார், நாம் பழம் பறிக்கப் பிறந்தவர்கள் என்பான். இன்ன சாதி இன்ன வேலைக்கென்றே படைக்கப்பட்டது என்று நமக்கும் தலைமுறை தலைமுறையாக ஓதினார்களே, அதுவும் ஞாபகத்தை அழிக்கும் யந்திரம்தான்.

அந்த ஆபீஸ் ஊழியர்களில் ஒரு பெண் காவலர் உண்மை தெரிந்ததும் எதிர்த்து எழுகிறார். நாமும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆனால் கதை அவர் கையில் நிற்கவில்லை. முதலாளியை ஒருத்தி குத்திக் கொல்கிறாள். ஆனதும் அவனைப் போலவே இன்னும் பல கொடியவர்கள் கிளம்புவார்கள் என்ற பயம் வருகிறது. முடிவில் லோகி தன்னந்தனியாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து எல்லாக் காலங்களையும் கையில் பிடித்துக்கொள்கிறான். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குச் சிம்மாசனம் இல்லாத முடிவு ஒன்று தோன்றவில்லை! நம்மூர்ப் படம் 'இன்று நேற்று நாளை' (2015) இந்த விஷயத்தில் யோக்கியமானது. கால யந்திரம் கைக்கு வந்ததும் நம்மாட்கள் அதை வைத்து ஜோசியக் கடை போட்டார்கள்.

காலத்தைப் பின்னால் திருப்புகிற நிஜ வில்லனுக்குப் பெட்டி தேவையில்லை, மசோதா போதும். எட்டு மணி வேலைக்காக 1886-ல் சிகாகோவில் ரத்தம் சிந்தினார்கள். சென்னையில் சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ந் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. வாரத்தில் நாலு நாள்தானே, மூன்று நாள் ஓய்வு என்று சர்க்கரை தடவினார்கள். ஓய்வு நாளில் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று ஸ்பின்னிங் மில் தொழிலாளிக்குத் தெரியும். கம்யூனிஸ்டுகள் சபையிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்றே நாளில் சட்டத்தை நிறுத்திவைத்தார்கள். மே 1-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் வாபஸ் என்று அறிவித்தார். அந்தப் பத்து நாளில் யாரும் வானத்தில் பறந்து வரவில்லை.

அந்தக் கதைக்கும் அடுத்த பருவம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. எஸ்டேட்டு ஜனங்களுக்கு வீடு, வைத்தியம், குழந்தைகள் காப்பகம் என்று எழுதிவைத்த 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை அதில் ஒன்றுக்குள் கரைத்துவிட்டார்கள். வாரத்துக்கு 54 மணி என்றிருந்ததை 48 மணியாகக் குறைக்க நமக்கு 1981 வரை பிடித்தது. லைன் வீட்டுத் தோழர்கள் பழைய சட்டத்தையும் புதிய விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக, படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். போனில் தொடர் பார்க்கிற அதே பிள்ளை போதும்.