காதடைப்பை மறைக்கலாகாது

ராசிங்காபுரம் முதலான போடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்று வருகிறவர்களுக்குக் காதடைப்பு புதிதன்று. போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்குகையில், காதில் பஞ்சு வைத்தாற்போல் இருக்கும். எச்சிலை விழுங்கினால் 'படக்'கென்று திறந்துகொள்ளும். இச்சிறு அனுபவத்தைக் கொண்டே, இக்காலத்துப் பெரிய சிகிச்சை ஒன்றின் தொல்லையையும் நாம் விளங்கிக்கொள்ளலாம்.

எளிதில் ஆறாத நீரிழிவுப் புண் முதலியவற்றுக்கு, நோயாளியை மூடிய அறையில் இருத்தி, மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். அழுத்தம் சாதாரணக் காற்றைப் போல் 2 முதல் 3 மடங்கு வரை உயர்த்தப்படும். மெட்டிலிருந்து போடிக்குச் சுமார் 1,000 மீட்டர் இறங்குகையில் கூடும் அழுத்தமோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதற்கே அடைக்கும் காது, அவ்வறையில் வருந்துவதில் வியப்பென்ன? இச்சிகிச்சையில் மிகுதியாய்க் காணும் தொல்லை இதுவே.

செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, இருபுறத்து அழுத்தத்தையும் சமமாக்கும். சளியால் அது அடைபட்டால் செவிப்பறை உள்வாங்கி வலிக்கும். ஒரு காது திறந்து மற்றொன்று திறவாதிருந்தால், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு மயங்கித் தலை சுற்றும். பெரும்பாலும் இது சிறிது நேரத்தில் தணியும். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதினால், அபூர்வமாய் நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையேயுள்ள சவ்வு கிழிந்து, கேள்வியே குன்றிவிடக்கூடும்.

நம் குடும்பங்களில் பெரியவர்கள், "டாக்டருக்கு ஏன் சிரமம்?" என்று வலியை விழுங்கிக்கொள்வதைப் பொறுமை எனப் போற்றுகிறோம். இவ்விடத்தில் அது பொறுமையன்று, ஆபத்து. வலித்த கணமே சொன்னால், அழுத்தத்தை ஏற்றுவதை நிறுத்துவார்கள். சிறிது குறைத்தும் பார்ப்பார்கள். ஜலதோஷம் இருந்தால் உள்ளே போகுமுன்பே தெரிவிக்க வேண்டும். காது திறக்கவே இயலாதவர்களுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தும் வழியும் உண்டு. சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல் நீடித்தாலோ, காதில் இரைச்சல் எழுந்தாலோ, கேள்வி மந்தித்தாலோ அன்றே காது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

எச்சிலை விழுங்குங்கள், வலியை விழுங்காதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.