நார் கலந்தால் பிளாஸ்டிக் மக்கிவிடுமா?

கோதுமை வைக்கோல் டப்பா, தேங்காய் நார் தொட்டி, மூங்கில் நார் தட்டு... ஆன்லைனில் தேடினால் வரிசையாக வருகின்றன. கூடவே ‘இயற்கைக்கு உகந்தது’ என்று ஒரு பச்சை இலை படம். ‘வாங்கு’ பட்டனைத் தட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்க: நார் சரி, அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் எது?

என்ன பொருள் இது?

கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து தூண் ஆவது போலத்தான். நார் பலம் தரும். பிசின் உருவம் தரும். இதைத்தான் ‘காம்போசிட்’ என்கிறார்கள். நார் எப்படியும் மக்கும். மொத்தப் பொருளும் மக்குமா என்பதை முடிவு செய்வது பிசின்தான்.

கார் சொல்லும் பாடம்

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபண்ட் காரின் வெளிப்பாகங்கள், பருத்திக் கழிவும் ஃபீனால் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவை. துருப்பிடிக்காது என்பது பெருமை. ஆனால் ஜெர்மனி இணைந்த பிறகு, கைவிடப்பட்ட கார்களை என்ன செய்வது என்பதே தலைவலி ஆனது. அந்தப் பிசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, மண்ணிலும் மக்காது. உள்ளே இருந்த பருத்தியால் எந்தப் பயனும் இல்லை.

இப்போ என்ன நிலை?

இன்று வைக்கோல் டப்பா என்று விற்கப்படும் பலவற்றில் பிசினாக இருப்பது பாலிபுரொப்பிலீன், அதாவது சாதா பிளாஸ்டிக். அது மக்காது, நார் கலந்ததால் மறுசுழற்சியும் சிக்கலாகிறது.

சோளம், கரும்பிலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. பிசின் பரவாயில்லை. ஆனால் அது ஒழுங்காக மக்க, சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் நீடிக்கும் உரத் தொழிற்கூடம் வேண்டும். மொட்டைமாடி உரத்தொட்டியில் அந்தச் சூடு கிடைக்காது. குப்பைமேட்டிலோ கடலிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

என்ன செய்யணும்?

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை விதித்த மாநிலம் நம்முடையது. பொள்ளாச்சியில் தென்னை நாரும், தேனியில் வாழைத்தண்டும் குவிந்து கிடக்கின்றன. மாற்றுப் பொருள் செய்ய நம்மிடம் மூலப்பொருள் உண்டு. இல்லாதது இரண்டு: பிசினின் பெயரைச் சொல்லும் லேபிள், இவற்றைத் தனியாகச் சேகரித்து மக்கவைக்கும் வசதி. லேபிளைக் கட்டாயமாக்க வேண்டியது அரசு. வசதி செய்ய வேண்டியது உள்ளாட்சிகள்.

அதுவரை, ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று யாராவது விற்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்க. சட்டப்படி அது அவர்களிடம் இருக்க வேண்டும்.