காய்ச்சல் இல்லாத நோயாளி

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைப்பதற்காகப் பத்தாம் வகுப்போடு நின்று, போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போனவர் என் அண்ணன். திருச்செங்கோட்டு வண்டிகள் செல்லாத மாநிலம் ஏது? அண்ணனின் வண்டி சத்தீஸ்கரின் பஸ்தார் காட்டுப் பகுதிக்குச் சென்றது. முதல் மழைக்காலத்திலேயே மலேரியா அவரைப் படுக்க வைத்துவிட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லையாம்.

அதே கொட்டகையில் படுத்து, அதே கொசுக்களிடம் கடிபட்ட உள்ளூர்த் தொழிலாளி ஒருவரோ மறுநாளும் இரும்புக் குழாய் சுமந்தார். பிறகு சுகாதாரப் பணியாளர்கள் வந்து எல்லோருக்கும் விரல் நுனியில் குத்திச் சோதித்தபோது, அவர் இரத்தத்திலும் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. காய்ச்சல் மட்டும் இல்லை!

“காட்டுச் சனத்துக்கு மலேரியா ஒண்ணும் பண்ணாதுடா தம்பி” என்றார் அண்ணன். நானும் நம்பினேன். விலங்கியல் படித்த பின்பே அந்த நம்பிக்கையின் தவறு புரிந்தது.

1900-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் நியூகினித் தீவில் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார். மலேரியா மிகுந்த ஊர்களில் சிறு குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. பெரியவர்களிடம் அரிதாகவே இருந்தது. மீண்டும் மீண்டும் நோயுற்றே அவர்கள் எதிர்ப்பாற்றல் பெற்றனர் என்று அவர் முடிவு செய்தார். 1961-இல் கோஹன், மெக்ரிகர், காரிங்டன் ஆகியோர் ஆப்பிரிக்காவின் காம்பியாவில், பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினர். ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை சரிந்தது, காய்ச்சலும் தணிந்தது. பெரியவர்களைக் காத்தவை அவர்கள் இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்களே என்பது தெளிவாயிற்று.

பால்சிபாரம் என்னும் கொடிய வகை ஒட்டுண்ணி, தான் குடியேறிய சிவப்பணுவின் மேல் அணிவிக்கும் புரதத்தை அடிக்கடி மாற்றும். இதற்கென அதனிடம் ஏறக்குறைய 60 மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொரு வேடத்தையும் உடல் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளும் பல காய்ச்சல்களும் ஆகும். அதன் பிறகு எதிர்ப்பொருள்கள் ஒட்டுண்ணியைப் பெருக விடுவதில்லை. மண்ணீரல் கெட்ட சிவப்பணுக்களை வடிகட்டுகிறது. காய்ச்சலை மூட்டும் பொருள்களையும் உடல் அளவோடு சுரக்கிறது. ஒட்டுண்ணி அழிவதில்லை, அடங்கி இருக்கிறது. இது வெற்றியன்று, சமாதானம்.

அந்தச் சமாதானத்தின் விலை என்ன? அரிவாள் வடிவச் சிவப்பணுப் பண்பு போன்ற பிறவிக் காப்பு சிலருக்கு உண்டு. ஆனால் பெரும்பாலோர் இந்த ஆற்றலைப் பட்டுத் தேறியே பெறுகின்றனர். தேறாதவர்கள்? ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்போரில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். உறுதியாக நிற்கும் பெரியவரைப் பார்த்து ‘இவர்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்கிறோம். தொட்டிலிலேயே போனவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

காய்ச்சல் இல்லாததால் கேடும் இல்லை என்று எண்ணுவதும் தவறு. உள்ளே தங்கிய ஒட்டுண்ணியால் இரத்தசோகை வருகிறது. கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடியில் அது ஒதுங்கினால் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அதற்கும் மேலாக, நலமாகத் தோன்றும் அந்த மனிதரைக் கடித்த அனாபிலிஸ் கொசு, நோயை அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொண்டு செல்கிறது. எனவே, காய்ச்சல் வந்தவர்களை மட்டும் தேடுவது போதாது என்பதே என் வாதம். ஒடிசா 2017-லும், பஸ்தார் 2020-லும் காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்து மருந்து கொடுக்கத் தொடங்கியது அதனால்தான்.

“மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை அழித்தால், பாடுபட்டுச் சேர்த்த எதிர்ப்பாற்றலும் குறைந்துவிடாதா?” என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குறையத்தான் செய்யும். ஆனால் அது வேலையைத் தொடங்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. பாதியில் விடாமல் இருப்பதற்கே காரணமாகும். 1965-இல் ஏறக்குறைய ஒரு இலட்சமாகக் குறைந்திருந்த இந்தியாவின் மலேரியா நோயாளிகள், கண்காணிப்புத் தளர்ந்ததாலும் கொசுக்கள் டி.டி.டி.க்குப் பழகிக்கொண்டதாலும் 1976-இல் 64 இலட்சமாயினர். அந்தப் பாடம் நமக்குப் போதாதா?

சென்ற பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். வடக்கேயிருந்து வந்தவர்களிடம் இரத்தத் தடவல் எடுக்கச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்தார். “எனக்குத்தான் காச்சலே இல்லீங்களே” என்று அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என்றாலும் அன்று பேசினேன். “நம்ம தெருவில் யாருக்கும் அந்த எதிர்ப்பாற்றல் இல்லைங்கண்ணா. கொசு மட்டும் இருக்குது” என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. ஆனால் அந்த ஒரு சொட்டைத் தராமல் அதை எப்படி அறிந்திருக்க முடியும்?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலிருந்து யாரோ ஒருவர் பிழைப்புக்காக வெளி மாநிலம் போயிருக்கிறார். அவர் திரும்பி வரும்போது நலம் விசாரிப்போம். அதோடு விரலையும் நீட்டச் சொல்வோம். அவர் உழைப்பில் படிக்கும் நாம், படித்ததை அவருக்குச் சொல்லாவிட்டால் அந்தப் படிப்பு எதற்கு?