500க்கு அடியுங்கோ

பெற்றோல் செட்டில் நிற்கும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "இரண்டு லீற்றர் அடியுங்கோ" என்று சொல்லுகிற ஆள் அருமை. "500க்கு அடியுங்கோ", "ஆயிரத்துக்கு விடுங்கோ", இவ்வளவுதான். விலை ஏறினாலும் 500, இறங்கினாலும் 500. மீற்றர் பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று உற்றுப் பார்க்கிறோம், நல்ல விசயம். ஆனால் கடைசியில் எத்தனை லீற்றர் விழுந்தது என்று பார்க்கிறவர் குறைவு.

அதனால்தான் "உங்கட பைக் லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டால், வாங்கின நாளில் விற்பனைக்காரர் சொன்ன கணக்கை அப்படியே ஒப்புவிக்கிறார்கள். "அறுபது ஓடும் மச்சான்." பைக்குக்குப் பத்து வயதாகியிருக்கும், செயினில் ஒயில் கண்டு ஆறு மாதமாகியிருக்கும், பின் ரயர் பாதிக் காற்றில் நிற்கும். ஆனாலும் அறுபதுதான்.

2022இல் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ஆனது. காசு இருந்தும் எண்ணெய் இல்லை. இரவிரவாக வரிசை, வரிசையில் பாய், வரிசையிலேயே சாப்பாடு. பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த நாலு லீற்றர் எங்கட சனத்துக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை எந்த விழிப்புணர்வுப் பதாகையும் சொல்லிக் கொடுத்திருக்காது. லீற்றருக்கு 45 ஓடினால் கிழமைக்கு 180 கிலோமீற்றர். 55 ஓடினால் 220. அந்த 40 கிலோமீற்றருக்குள் ஒரு ஆஸ்பத்திரிப் பயணம் இருந்தது, இரண்டு நாள் வேலை இருந்தது. சந்தைக்குப் போறவர் வரும்போதே மருந்தும் வாங்கி, அக்கா வீட்டிலும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே திசைக்குப் போகும் இரண்டு பேர் ஒரே பைக்கில் போனார்கள். சந்தியில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தினார்கள்.

2023 செப்டம்பர் முதலாம் திகதியோடு கியூஆர் முறை நின்றது. அதோடு இந்தக் கணக்குப் பார்க்கிற பழக்கமும் மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது. இப்போது விலை கூடப்போகிறது என்று மாத முடிவில் கதை அடிபட்டால் மட்டும் இரவு பத்து மணிக்குச் செட்டுக்கு ஓடுகிறோம். ஒரு லீற்றரில் பத்து ரூபா மிச்சம் பிடிக்க ஓடுகிற அந்த வேகத்திலேயே பாதி மிச்சம் எரிந்து போகிறது என்பதை யார் போய்ச் சொல்லுறது.

எண்ணெய் எங்கே போகிறது என்பது பெரிய இரகசியமில்லை. வாகனம் வேகமெடுக்கத்தான் எஞ்சின் அதிகம் குடிக்கிறது. அப்படி எடுத்த வேகத்தைப் பிறேக் பிடித்துக் கொல்லும்போது, குடித்த எண்ணெய் பிறேக் கட்டையில் சூடாகி வீணாகப் போகிறது. யாழ் நகருக்குள் போகிற பைக் ஒன்றின் பின்னால் போய்ப் பாருங்கள். அடுத்த சந்தியில் சிவப்பு விழுந்திருப்பது இருநூறு மீற்றருக்கு முன்பே தெரிகிறது. ஆனாலும் கையை முறுக்கி, முன்னால் போன ஓட்டோவை வெட்டி, சிவப்புக்குக் கிட்டப் போய் 'கிறீச்' என்று நிற்கிறார். ஓட்டோக்காரர் ஆறுதலாக வந்து பக்கத்தில் நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே பச்சைக்குத்தான் வெளிக்கிடுகிறார்கள். முன்னவர் வென்றது எதை?

கை முறுக்காமல், தூரத்திலேயே சந்தியைப் பார்த்து முன்கூட்டியே கையை விட்டு உருளவிடுவது ஒன்றே போதும். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகுதான். ஆனால் மற்றதையும் சொல்லத்தான் வேணும். கிளச்சைப் பாதி பிடித்தபடியே ஓடுவது, பின் பிறேக் மிதியில் காலை வைத்தபடியே ஓடுவது, காலையில் இழுத்த சொக்கை மத்தியானம் வரை மறந்துபோவது, காற்றுக் குறைந்த ரயரோடு மூன்று பேர் ஏறுவது. ரயருக்குக் காற்றுப் பார்ப்பதும் சூடேறாத காலை நேரத்தில் பார்க்கவேணும். ஓடிச் சூடான ரயரில் அளவு கூடவே காட்டும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே வீதியில் ஓடுகிறதில் பெரும்பங்கு வயதுபோன வாகனங்கள். கிழட்டு எஞ்சினுக்கு இந்தக் கவனம் இன்னும் கூட வேணும்.

இதற்குள் ஒரு மூட நம்பிக்கையையும் சொல்லிவிட்டுப் போகிறோம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்று நம்புகிற ஒரு கூட்டம் இருக்கிறது. எங்கட ஊரில் இறக்கம் என்று காட்டுவதற்குக் கீரிமலைதான் இருக்கிறது, அதனால் இங்கே பெரிய பாதகமில்லை. ஆனால் இதே ஆக்கள்தான் வான் பிடித்து நுவரெலியா போகிறார்கள். இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் இருந்தபடி அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், உருளுகிற சில்லே எஞ்சினைச் சுற்றும். எண்ணெய் விடுவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் பிடியும் இல்லை. வளைவில் பிறேக் சூடேறிக் கைவிட்டால் கடவுள்தான்.

வேகத்துக்கு வருவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 60இல் போகிறவர் 80க்குப் போனால் வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு. முகத்தில் அறைகிற காற்றின் எதிர்ப்போ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. கை முழுதாக முறுக்கியிருக்கும், பைக் ஊரும். யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சி 65 கிலோமீற்றர் அளவு. வழியில் ஒன்றுமே மறிக்காமல் 60இல் போனால் ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிசமும். 80இல் போனால் 49 நிமிசம். அந்தப் பதினாறு நிமிசமும் உண்மையில் கிடைப்பதில்லை. கொடிகாமத்தில் மாடு குறுக்கே வரும், பரந்தன் சந்தியில் லொறி நிற்கும்.

எங்கட மண்ணுக்கு எண்ணெயை எண்ணிப் பாவிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லேலாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலே வராத யாழ்ப்பாணத்தில், சின்னப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது எங்கட அப்பாமாரின் தலைமுறை. பழைய கார்களும் மண்ணெண்ணெய்ப் புகையோடு ஓடின. ஊரே சைக்கிளில் போனது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் சைக்கிளில் ஏற்றினார்கள், சந்தைக்கு வாழைக்குலையையும் சைக்கிளில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிக் கதைக்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அது தண்டனை. ஒரு சனத்துக்கே போட்ட தண்டனை. அதில் பிழைக்கக் கண்டுபிடித்த புத்தியை மெச்சலாம். அந்தக் காலத்தையே மெச்சத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறோம்: 90களிலும் சரி, 2022இலும் சரி, கழுத்தில் கை வைத்தபிறகுதான் மிச்சம் பிடித்தோம்.

இனி, "எல்லாரும் மெதுவா ஓடுங்கோ" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. தனியார் பஸ்சை எடுங்கள். ஒரு தரிப்பிடத்தில் பத்து நிமிசம் எஞ்சினை உறுமவிட்டபடி ஆளுக்காக நிற்கும். பின்னால் அடுத்த பஸ் தலையைக் காட்டியதும் வெறிகொண்டு பாயும். இரண்டும் எண்ணெயைக் கொட்டுகிற வேலை, இரண்டாவது உயிரையும் கொட்டுகிற வேலை. ஆனால் சாரதியை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? அன்றன்றைக்குச் சேருகிற ரிக்கற் காசில்தான் அவருக்கும் நடத்துனருக்கும் கூலி என்றால், ஓடி ஆள் பிடிக்கத்தான் செய்வார். மாதச் சம்பளமும், இ.போ.ச. பஸ்சோடு இணைந்த நேர அட்டவணையும் இல்லாமல் அந்தக் கால் அக்சிலேட்டரில் இருந்து இறங்காது. ஓட்டோக்காரரும் அப்படித்தான். நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடுகிறவர் லீற்றருக்கு 25இல் இருந்து 28க்கு வந்தால், லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும், மாதம் மூவாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். இது அவருக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெறும் வண்டியாக ஹயர் தேடிச் சுற்றுவதுதான் அவரின் எண்ணெயைத் தின்கிறது. அதுக்குத் தரிப்பிட ஒழுங்கு வேணும்.

எங்கட கோபம் வேறு இடத்தில். யாரும் கட்டாயப்படுத்தாமல், சும்மா முறுக்குகிற கையில். அதுவும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட வீதியில்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய பாடசாலை வாசலுக்குப் போய் நில்லுங்கள். அல்லது பின்னேரம் ரியூசன் கொட்டில் இருக்கிற ஒழுங்கைக்குப் போங்கள். அம்மாமார் ஸ்கூட்டரில், அப்பாமார் பைக்கில், கொஞ்சப் பேர் ஏசி போட்ட காரில், எஞ்சினை நிறுத்தாமல். வீடு இரண்டு கிலோமீற்றர்தான். மேடு பள்ளம் இல்லாத, சைக்கிளுக்கென்றே செய்துவைத்த மாதிரியான தரை. பிள்ளைக்குச் சைக்கிளும் இருக்கிறது, வீட்டு விறாந்தையில் பூட்டிக் கிடக்கிறது. "ஏன் அன்ரி, சைக்கிளில விடலாமே?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "றோட்டில விட ஏலுமே தம்பி? பெடியள் ஓடுற ஓட்டம் தெரியாதே?"

அந்தப் பதிலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்குக் கொண்டுபோய் விட்டு, வீடு திரும்பி, மறுபடி போய்க் கூட்டிவர எட்டுக் கிலோமீற்றர். பள்ளிக்கூடம் ஒருமுறை, ரியூசன் ஒருமுறை என்றால் நாளுக்குப் பதினாறு. மாதத்தில் 24 நாள் என்றால் 384 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 ஓடுகிற ஸ்கூட்டரில் ஒன்பது லீற்றருக்கு மேல், 300 ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட 2,900 ரூபாய். ஒரு பிள்ளைக்கு. இதில் அந்த அம்மாவின் மத்தியான நேரமும் பின்னேரமும் சேரவில்லை, அதை லீற்றரில் அளக்கேலாது.

முறுக்கிக்கொண்டு போன பெடியனின் கணக்கு இதைவிட மிகச் சிறியது. மெதுவாக ஓடப் பழகி 45இல் இருந்து 55க்கு வந்தால், மாதம் 750 கிலோமீற்றர் ஓடுகிற அவருக்கு மூன்று லீற்றர் மிஞ்சும். 900 ரூபாய். "900க்காக நான் ஏன் ஆமை மாதிரிப் போகவேணும்?" என்று அவர் கேட்கலாம், கேட்கிறார்கள். எரிபொருள் சிக்கனம் பற்றிய அறிவுரைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தோற்றுப் போகின்றன. அவை அவருடைய தாங்கியை மட்டுமே பார்க்கின்றன. அவருடைய வேகத்துக்குப் பயந்து சைக்கிளை விட்ட வீடுகளின் தாங்கிகளை யாரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை. அந்தப் பிள்ளைகளை ஏற்ற வருகிற ஸ்கூட்டர்களால் வீதி இன்னும் நெருங்குகிறது, நெருங்கிய வீதியில் இன்னொரு வீட்டுக்குப் பயம் வருகிறது, இன்னொரு சைக்கிள் விறாந்தைக்குப் போகிறது.

இதில் கௌரவப் பிரச்சினையும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஓ.எல் முடித்த பெடியனுக்கு வெளிநாட்டு மாமா காசு அனுப்பி பைக் எடுத்துக் கொடுக்கிறார். அதன்பிறகு சைக்கிள் என்றால் "வசதியில்லாத ஆக்களின்ர சாமான்". பைக் வாங்கிக் கொடுக்கிற மாமா, மாதா மாதம் பெற்றோலுக்கு அனுப்புவதில்லை. அதை அம்மா சீட்டுக் காசில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் காசுதான் செட்டில் "500க்கு அடியுங்கோ" என்று கேட்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு மட்டத்தில். பைக் வைத்திருக்கிற எங்கட வயதுக்காரரிடம்: ஒருமுறை தாங்கியை முழுதாக நிரப்பி, மீற்றரைக் குறித்து வைத்து, இரண்டு கிழமை வழமை போல ஓடுங்கள். திரும்ப முழுதாக நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய தூரத்தை லீற்றரால் பிரியுங்கள். பிறகு இரண்டு கிழமை கையை முறுக்காமல் ஓடி அதே கணக்கைப் போடுங்கள். வருகிற இலக்கம் உங்கட சொந்த இலக்கம், விற்பனைக்காரர் சொன்னதில்லை.

பிரதேச சபைகளிடமும் மாநகர சபையிடமும் பொலிசிடமும் கேட்பது இதைவிட எளியது. பகல் ஒன்றரையில் இருந்து இரண்டரை வரை, பாடசாலை வாசலுக்கு இரு பக்கமும் ஐந்நூறு மீற்றருக்கு, வேகம் பிடிக்கிற கருவியோடு ஒரு பொலிஸ்காரர். இப்போது அந்தக் கருவி நிற்பது ஏ-9 வீதியின் ஆளில்லா வெளியில், மரநிழலில். அதை ஒரு மணித்தியாலம் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு தவணைக்குச் செய்து பாருங்கள். தவணை முடிவில் அந்தப் பாடசாலையின் சைக்கிள் கொட்டகையில் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று எண்ண நாங்கள் வருகிறோம்.