வீட்டிலேயே பள்ளிக்கூடம்: லாபமா, நஷ்டமா?

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், வீட்டிலேயே படிப்புச் சொல்லிக் கொடுக்கலாமா?

இப்படிக் கேட்கும் பெற்றோர் இன்று இருக்கிறார்கள். தனியார் பள்ளியில் சம்பளம் கட்டி மாளவில்லை என்பது ஒரு காரணம். கொரோனா இன்னொரு காரணம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மறுபடி வகுப்புக்குப் போனார்கள். அதுவரை வீடுதான் பள்ளிக்கூடம். "இதை நாமே நடத்தினால் என்ன?" என்று சிலர் நினைத்தார்கள்.

நினைப்பது எளிது. கணக்குப் பார்த்துவிட்டு இறங்குவதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது இந்தச் சட்டம். சேர்க்காத பெற்றோருக்கு இதில் தண்டனை இல்லை. வீட்டுப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரு நல்ல அம்சம் உண்டு. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று இதே சட்டம் கூறுகிறது. ஆகவே, திரும்பிப் போகக் கதவு திறந்தே இருக்கிறது.

எதை இழக்கிறோம்?

அரசுப் பள்ளியில் சம்பளம் இல்லை. புத்தகம் இலவசம். சீருடை இலவசம். மதியச் சாப்பாடு உண்டு. 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தச் செலவெல்லாம் நம் தலையில்தான்.

அடுத்தது, படிப்பின் பலன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020-ல் வந்தது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கே அந்த இடம். வீட்டில் சொல்லிக் கொடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. 5-ம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, 6-ம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் இந்த வாய்ப்புக் கைவிட்டுப் போகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நேரம். தினமும் ஒருவர் பிள்ளையோடு உட்கார வேண்டும். பெரும்பாலும் அது தாய்தான். அவர் வேலைக்குப் போகிறவர் என்றால், இழக்கும் கூலியையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

சிக்கனத் திட்டம்

இத்தனையும் யோசித்த பிறகும் வீட்டில்தான் படிப்பு என்று முடிவு செய்தால், ஒரு பருவத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். பருவத்துக்கு 12 வாரம். வாரத்துக்கு 5 நாள். நாளுக்கு 2 மணி நேரம். மொத்தம் 120 மணி. சிறு பிள்ளைக்கு இது போதும்.

முதல் அரை மணி வாசிப்பு. அடுத்து எழுத்து. பிறகு கணக்கு. கடைசி அரை மணி கதை, பாட்டு, கைவேலை.

தமிழ்நாடு அரசின் பாடப் புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எழுத ஒரு சிலேட்டு, பலப்பம் போதும். எண்ணிப் பழகப் புளியங்கொட்டை. கூட்டல், கழித்தலுக்கு மளிகைக் கடைச் சீட்டு. வாசிக்கப் பழைய செய்தித்தாளின் பெரிய எழுத்துத் தலைப்புகள். கதைப் புத்தகம் வாங்க வேண்டாம். ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள்.

மாலையில் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். நாலு பேரோடு பழகுவதும் படிப்புத்தான். அதை வீட்டுக்குள் சொல்லிக் கொடுக்க முடியாது.

பருவம் முடிந்ததும் சோதனை

முன்பு பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். தான் நேற்றுச் செய்ததை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள்.

வயதுக்குத் தக்கபடி செய்தால் அடுத்த பருவத்தைத் தொடங்கலாம். தடுமாறினால் தாமதம் வேண்டாம். பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கே படித்தது என்பது பெரிதல்ல. பிள்ளைக்குப் படிப்பு வந்ததா என்பதே முக்கியம்.